ஆம்ப் சவுண்டு சண்டை: செய்யறவங்க ஒண்ணு சொல்றாங்க, ரிவ்யூ பண்றவங்க வேற சொல்றாங்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர ஓட்டற பெட்டி) பாக்கப் போறவங்களும் ஷோரூம்ல டெமோ கேட்டுட்டு குழம்பிப் போய் வர்றவங்களும் திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க இது. தனித்தனியா பதில் சொல்லிட்டே இருக்கறதுக்கு பதிலா ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன், பொறுமையா படிங்க.

சண்டையே எதைப் பத்தி?

ரெண்டு திசையில நடக்குது, அத முதல்ல புரிஞ்சுக்கணும். ஒண்ணு, காதால கேட்டு ரிவ்யூ எழுதறவர் "ஹை கொஞ்சம் குத்துது, மிட்ரேஞ்ச்ல உயிர் இல்ல"ன்னு எழுதுவார், அத செஞ்ச இன்ஜினியர் "என் ஆம்ப் 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஃபிளாட்டா இருக்கு, எங்க இருந்து வந்துச்சு குத்தல்"னு கொதிப்பார். இன்னொண்ணு இதுக்கு நேர் எதிர், மீட்டர் வெச்சு அளக்கறவர் "டிஸ்டார்ஷன், அதாவது சிக்னல் சிதையறது, ஜாஸ்தி, இந்த விலைக்கு இது தேறாது"ன்னு சொல்லுவார், கம்பெனிக்காரர் "நாங்க மீட்டருக்கு ஆம்ப் செய்யல, காதுக்கு செய்யறோம்"பார். அதாவது கம்பெனிங்க எல்லாம் மீட்டர் பக்கம், ரிவ்யூ பண்றவங்க எல்லாம் காது பக்கம்னு பிரிச்சு வைக்க முடியாது, யாருக்கு எது சாதகமோ அத எடுத்துக்கறாங்க. என் கருத்த இங்கயே சொல்லிடறேன்: எந்தக் கண்டிஷன்ல கேட்டாங்க, எந்தக் கண்டிஷன்ல அளந்தாங்கன்னு சொல்லாம யார் தீர்ப்பு சொன்னாலும் அத நம்பி காசு போடாதீங்க.

எல்லா ஆம்பும் ஒரே மாதிரிதான் கேக்கும்னு சொல்றாங்களே, உண்மையா?

மூணு கண்டிஷன் போட்டா பெரும்பாலும் உண்மை. ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் ஃபிளாட்டா இருக்கணும் (கீழ் ஸ்ருதியோ மேல் ஸ்ருதியோ, எல்லாத்தையும் ஒரே அளவுக்கு பெருசாக்கணும்), அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்புக்குள்ளயே இருக்கற தடை, ஓம் கணக்குல) ரொம்ப கம்மியா இருக்கணும், ஆம்ப் கிளிப் ஆகக் கூடாது (பவர் பத்தாம அலையோட உச்சி வெட்டுப்படக் கூடாது). இந்த மூணும் சரியா இருந்து சத்தமும் துல்லியமா சமமா வெச்சா, கண்ண மூடிட்டு பிரிச்சு சொல்றது ரொம்ப ரொம்ப கஷ்டம்.

1987 ஜனவரில அமெரிக்காவோட ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை இதையே தலைப்பா வெச்சு ஒரு டெஸ்ட் போட்டுச்சு. ஆறு ஆம்ப். விலை கம்மியானது 220 டாலர் பயனியர் ரிசீவர், உச்சத்துல இருந்தது ஜோடி 12,000 டாலர் ஃபுட்டர்மேன் வால்வு (கண்ணாடி டியூப்) மோனோபிளாக், அதாவது ஒரு சேனலுக்கு ஒரு பெட்டி. 25 பேர் கேட்டாங்க, ஆம்ப்ல வித்தியாசம் இருக்குன்னு அடிச்சு சொல்றவங்களும் இருந்தாங்க, அதெல்லாம் சும்மான்னு நினைக்கறவங்களும் இருந்தாங்க. எது எதுன்னு தெரியாம கேட்டப்போ மொத்த ரிசல்ட் காச சுண்டி விட்டு சொன்ன மாதிரிதான் வந்துச்சு.

அதுக்கும் முன்னாடி இங்கிலாந்துல குவாட் கம்பெனியோட பீட்டர் வாக்கர் தன்னோட சொந்த ஆம்ப் மூணையே பரீட்சைக்கு வெச்சார். 1950கள்ல வந்த குவாட் 2 வால்வு ஆம்ப், டிரான்சிஸ்டர் 303, அப்புறம் 405. 1978-ல ஜேம்ஸ் மொய்ர் நடத்தின அந்த டெஸ்ட்ல, கேட்டவங்களால மூணையும் பிரிக்க முடியல. யோசிச்சுப் பாருங்க, புது மாடல் விக்கற ஒரு முதலாளி "என் பழைய ஆம்புக்கும் புதுசுக்கும் கேக்கறதுல வித்தியாசம் தெரியாது"ன்னு டெஸ்ட் போட்டுக் காட்டறார். அந்த நேர்மை மேல எனக்கு பெரிய மரியாதை.

அப்போ வித்தியாசம் கேக்குதுன்னு எழுதறவங்க எல்லாம் பொய் சொல்றாங்களா?

இல்ல. அவங்களுக்கு நிஜமாவே கேக்குது. எதனால கேக்குதுங்கறதுதான் கேள்வி.

அண்ணா சாலை பக்கம் ஒரு ஷோரூம்ல சாதாரணமா நடக்கறத சொல்றேன். ஒரே ஸ்பீக்கர், ரெண்டு ஆம்ப். சேல்ஸ் பையன் ரெண்டுலயும் வால்யூம் நாப்ப ஒரே பொசிஷன்ல வெச்சிட்டு "கேளுங்க சார், இது அப்படியே திறந்து பாடும் பாருங்க"ன்னு ரெண்டாவதுக்கு மாத்துவான். ஒரு ஆம்போட கெயின் (சிக்னல எவ்வளவு பெருசாக்குதுங்கறது) 26 டெசிபல், இன்னொண்ணு 29 டெசிபல்னு வெச்சுக்கோங்க. நாப் ஒரே இடத்துல இருந்தாலும் ரெண்டாவது ஸ்பீக்கருக்கு டபுள் பவர் அனுப்புது. 3 டெசிபல் இருந்தா "சத்தம் ஜாஸ்தி"ன்னு நமக்கே தெரிஞ்சிடும். ஆபத்து அதுல இல்ல, 0.3 இல்ல 0.5 டெசிபல்ல இருக்கு. அந்த அளவுக்கு சத்தம் கூடினா காது அத சத்தம்னு எடுத்துக்காது, "தெளிவு", "டீட்டெய்ல்", "குரல் முன்னாடி வந்து நிக்குது"ன்னு எடுத்துக்கும். ரிவ்யூல வர்ற அழகான வார்த்தைல பாதி இங்க இருந்துதான் பொறக்குது. அதனாலதான் 0.1 டெசிபலுக்குள்ள சமம் பண்ணாத ஒப்பீட்ட நான் ஒப்பீடாவே எடுத்துக்கறதில்ல.

இதோட விலை, எடை, முன்னாடி மின்னற நீல லைட்டு எல்லாம் சேர்ந்துக்கும். மனுஷ மூளை அப்படித்தான், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

பாப் கார்வர் கதைய எல்லாரும் சொல்றாங்க, என்னதான் நடந்துச்சு?

இந்த சண்டையோட மொத்த சாரமும் அதுல இருக்கறதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். ஸ்டீரியோஃபைல் பத்திரிகை 1962-ல ஜே. கார்டன் ஹோல்ட் ஆரம்பிச்சது, காதால கேட்டு எழுதறதுதான் அவங்க வழி. கார்வர் ஒரு ஆம்ப் தயாரிப்பாளர், 1985-ல அவங்க கிட்ட ஒரு சவால் விட்டார்: நீங்க உயர்வா நினைக்கற எந்த ஆம்ப வேணா குடுங்க, என்னோட விலை கம்மியான டிரான்சிஸ்டர் ஆம்ப அதே மாதிரி பாட வெக்கறேன், உங்க ரூம்லயே, உங்க ஸ்பீக்கர்லயே. அவங்க குடுத்தது கான்ராட் ஜான்சன் பிரீமியர் ஃபைவ், பெரிய வால்வு மோனோபிளாக். கார்வர் நியூ மெக்ஸிகோல சாண்டா ஃபே ஊருக்குப் போய் டேரா போட்டு ராத்திரி பகலா சாலிடரிங் அயர்னும் கையுமா உக்காந்தார்.

அவர் வழி நல் டெஸ்ட். ரெண்டு ஆம்புக்கும் ஒரே சிக்னல், ஒண்ணுல இருந்து இன்னொண்ண கழிச்சா மிச்சம் வர்றதுதான் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம், ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுன்னா மிச்சம் ஜீரோ. முதல் ரவுண்டுல அவங்க வித்தியாசத்த கண்டுபிடிச்சிட்டாங்க (இந்த இடத்தப் பல பேர் கதைல விட்டுடறாங்க, ஆனா அவங்க காது சும்மா இல்லங்கறதுக்கு இது சாட்சி). கார்வர் இன்னும் இறக்கி 70 டெசிபல் ஆழத்துக்கு நல் கொண்டு வந்தார், அதாவது மிச்சம் வோல்டேஜ்ல மூவாயிரத்துல ஒரு பங்கு. அதுக்கப்புறம் ஹோல்ட்டாலயும் கூட இருந்த பதிப்பாளர் லேரி ஆர்ச்சிபால்டாலயும் பிரிக்க முடியல, அத அவங்களே அச்சுல எழுதினாங்க. ரெண்டு பக்கமும் இவ்வளவு நேர்மையா நடந்துக்கிட்ட சம்பவம் ரொம்ப அபூர்வம்.

கெட்டுப் போனது பின்னாடி. அதே சவுண்டுன்னு சொல்லி கார்வரோட எம்-1.0டி மாடல் ஃபேக்டரில இருந்து வந்துச்சு, அதுல நல் அந்த ஆழத்துக்கு வரல, ரெண்டும் ஒண்ணா கேக்கலன்னு பத்திரிகை எழுதிச்சு, கார்வர் மறுத்தார், வார்த்தை முத்தி கோர்ட்டு வரைக்கும் போய் கடைசில சமரசத்துல முடிஞ்சுது. கையால டியூன் பண்ண ஒரே ஒரு பீஸும் லைன்ல வர்ற ஆயிரம் பீஸும் ஒண்ணு இல்லங்கறது இன்னிக்கும் பொருந்தும், ரிவ்யூக்கு வந்த பீஸ் எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கறதுக்கு இதுதான் காரணம்.

வால்வு ஆம்ப் வேற மாதிரி கேக்குதே, அதுவும் பிரமையா?

பிரமை இல்ல, அது கணக்கு. ஸ்பீக்கர்ல 8 ஓம்னு போட்டிருந்தாலும் அது எல்லா ஃப்ரீக்வென்சிலயும் 8 ஓம் இல்ல, ஒரு இடத்துல 3 ஓமுக்கு இறங்கும், இன்னொரு இடத்துல 20 ஓமுக்கு ஏறும். ஃபீட்பேக் (அவுட்புட்ட இன்புட்டோட ஒப்பிட்டு தப்ப திருத்தற ஏற்பாடு) இல்லாத சிங்கிள் எண்டட் ரக வால்வு ஆம்போட அவுட்புட் இம்பீடன்ஸ் 2 ஓம்னு வெச்சுக்கோங்க. 3 ஓம் இடத்துல சத்தம் சுமார் 4.4 டெசிபல் விழும், 20 ஓம் இடத்துல 0.8 மட்டும்தான் விழும். ரெண்டுக்கும் நடுவுல 3.6 டெசிபல் வித்தியாசம், டோன் கண்ட்ரோல திருகி விட்ட மாதிரி. அதே ஸ்பீக்கர்ல 0.05 ஓம் இருக்கற டிரான்சிஸ்டர் ஆம்ப் போட்டா அந்த வித்தியாசம் 0.12 டெசிபல்தான்.

அதனால ஒருத்தர் "இந்த வால்வு ஆம்ப் குரல்ல சூடு குடுக்குது"ன்னு எழுதினா அது நிஜமா இருக்கலாம், ஆனா அவர் ஸ்பீக்கர்ல. உங்க வீட்டு ஸ்பீக்கரோட இம்பீடன்ஸ் கர்வ் வேற, சூடு வர வேண்டிய இடத்துல வேற ஏதாவது வரும். கம்பெனிக்காரர் "ரிவ்யூ பண்ணவர் தப்பான ஸ்பீக்கர் போட்டுட்டார்"னு சொல்றதுல இந்த ஒரு விஷயத்துல முழு நியாயம் இருக்கு, ஆனா அப்படின்னா எந்த ஸ்பீக்கருக்கு இது சரிப்படும்னு டப்பா மேலயே எழுத வேண்டியது அவர் பொறுப்பு.

மீட்டர் வெச்சு அளக்கறவங்க சொல்றத மட்டும் நம்பினா போதுமா?

போதாது. இப்போ சைனாட்னு ஒரே ஒரு நம்பர வெச்சு ஆம்புங்கள வரிசைப்படுத்தறது வழக்கமா ஆயிடுச்சு. நாய்ஸும் டிஸ்டார்ஷனும் சிக்னல விட எவ்வளவு கீழ இருக்குங்கறது அது, 80 டெசிபல்னா 0.01 சதவீதம், 100-னா 0.001 சதவீதம். வழக்கமா 1 கிலோஹெர்ட்ஸ் ஒரே டோன், ஸ்பீக்கருக்கு பதிலா ரெசிஸ்டர் லோடு. 95-க்கும் 105-க்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த நம்ம வீட்டு ஃபேன் சத்தத்துல, வெளிய ஆட்டோ ஹாரன்ல யாரும் கேக்கப் போறதில்ல, ஆனா அந்த நம்பர் கம்மின்னு நல்ல ஆம்ப ஓரம் தள்ளிடறாங்க. இன்னொரு பக்கம், அதே சார்ட்ல மேல இருக்கற ஆம்ப் கஷ்டமான ஸ்பீக்கர் லோடுல திணறுதான்னு அந்த ஒரு நம்பர் சொல்லாது.

அளவுகோலே பத்தாம போன காலமும் உண்டு. 1970-ல ஃபின்லாந்துக்காரர் மாட்டி ஓட்டாலா, ஃபீட்பேக் நிறைய போட்டும் வேகம் கம்மியா இருக்கற டிரான்சிஸ்டர் ஆம்ப்ல திடீர்னு ஏறி இறங்கற சிக்னலுக்கு ஒரு தனி டிஸ்டார்ஷன் வருதுன்னு எழுதினார், ஒரே டோன் போட்டு அளந்தா அது பிடிபடாது. அதுக்கப்புறம் ஸ்லூ ரேட்ட (அவுட்புட் வோல்டேஜ் எவ்வளவு வேகமா மாற முடியும்ங்கறத) எல்லாரும் கவனிக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு ஒழுங்கா செஞ்ச ஆம்ப்ல அது பிரச்சனையே இல்ல. "ஓட்டாலாவே சொல்லிட்டார், மீட்டர் எல்லாம் வேஸ்ட்"டுன்னு சிலர் இத தூக்கிட்டு வருவாங்க, அவரும் அளந்துதான் நிரூபிச்சார்ங்கறத மறந்துட்டு.

பிஎம்பிஓ வாட்ஸ் (டப்பால பெருசா போடற உச்ச பவர் நம்பர்) பத்தி?

கண்டுக்காதீங்க. அதுக்கு ஸ்டாண்டர்டே கிடையாது. அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லயே வாட்ஸ எப்படி அளந்து விளம்பரத்துல போடணும்னு ரூல் கொண்டு வந்துடுச்சு, இங்க இன்னும் நரசிங்கபுரம் தெருவுல ஆயிரக்கணக்குல வாட்ஸ் போட்ட டப்பா அடுக்கி வெச்சிருக்கு. எத்தன ஓம்ல, எவ்வளவு டிஸ்டார்ஷன்ல, எத்தன சேனல் ஓடும்போதுன்னு மூணும் எழுதியிருந்தா மட்டும்தான் அது நம்பர்.

கர்நாடக சங்கீதம்தான் கேப்பேன். எனக்கு ஆம்ப் வித்தியாசம் தெரியுமா?

உங்களுக்குத்தான் முதல்ல தெரியும்! நல்லா ரெக்கார்ட் பண்ண கச்சேரில பாட்டும் தம்புராவும் ஒரு லெவல்ல போயிட்டிருக்கும், தனி ஆவர்த்தனத்துல மிருதங்கத்தோட ஒரு அடி சராசரிய விட 20 டெசிபல் மேல எகிறும். 20 டெசிபல்னா நூறு மடங்கு பவர். 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி (1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல வர்ற சத்தம்) ஸ்பீக்கர்ல சராசரிக்கு 1 வாட் போயிட்டிருந்தா அந்த ஒரு அடிக்கு 100 வாட் வேணும். 20 வாட் ஆம்ப் அங்க கிளிப் ஆகும், தொப்பியோட (இடப் பக்கத்தோட) கும்கி மொண்ணையாகும், வலந்தலை (வலப் பக்கம்) "டப்பு"ன்னு காஞ்சு போய் கேக்கும். ஒருத்தர் "இந்த ஆம்ப்ல மிருதங்கம் சரியா வரல"ன்னு எழுதினா, நான் உடனே அவர் ஸ்பீக்கர் சென்சிட்டிவிட்டியும் ஆம்ப் வாட்ஸும்தான் பாப்பேன். முக்கால்வாசி நேரம் பதில் அங்கயே இருக்கும். தவில் பத்தி சொல்லவே வேண்டாம். சினிமாப் பாட்டுல இப்போ எல்லாத்தையும் அமுக்கி ஒரே லெவல்ல மிக்ஸ் பண்றதால இந்த சிக்கல் அவ்வளவா தெரியாது.

கண்ண மூடிட்டு கேக்கற டெஸ்ட்ல டென்ஷன் ஆகி காது வேலை செய்யாதுன்னு சொல்றாங்களே?

நியாயமான ஆட்சேபணைதான், முழுசா ஒதுக்கக் கூடாது. ஆனா அதுக்கு வழி இருக்கு: அவசரம் இல்லாம, சொந்த ரூம்ல, தெரிஞ்ச பாட்டுல, வேணுங்கற அளவு நேரம் எடுத்துக் கேளுங்க, எது ஓடுதுன்னு மட்டும் தெரியக் கூடாது. 16 தடவைல 12 சரியா சொன்னா, அது குருட்டு அதிர்ஷ்டமா இருக்க வாய்ப்பு நாலு சதவீதத்துக்கும் கம்மி. 9, 10 எல்லாம் ஒண்ணுமே இல்ல.

கார் ஆடியோ உலகத்துல ரிச்சர்ட் கிளார்க்னு ஒருத்தர் பல வருஷம் 10,000 டாலர் பந்தயம் வெச்சிருந்தார், சத்தம் 0.05 டெசிபலுக்குள்ள சமம், கிளிப் ஆகக் கூடாது, 12 தடவையா ரெண்டு செட், எல்லாமே சரியா சொல்லணும். யாரும் பணத்த வாங்கல. ஆனா அவர் ரூல்ல தேவைப்பட்டா ஈக்வலைசர் போட்டு ரெஸ்பான்ஸையும் சமம் பண்ணிடலாம், அதாவது நிஜமா கேக்கக்கூடிய வித்தியாசத்தையும் எடுத்துட்டுதான் டெஸ்ட். "ஆம்ப்ல வித்தியாசமே கிடையாது"ங்கறதுக்கு இத ஆதாரமா காட்டறது சரி இல்ல.

கெட்ட ரிவ்யூ வந்தா கம்பெனி என்ன பண்ணணும்?

ரெண்டாவது பீஸ் அனுப்பணும், தன்னோட அளவுகள வெளியிடணும், பதில எழுத்துல குடுக்கணும். ஸ்டீரியோஃபைல் ரொம்ப காலமா தயாரிப்பாளர் பதில ரிவ்யூ வர்ற அதே இதழ்லயே போட்டு வருது, கேட்டவர் எழுதி முடிச்சப்புறம் ஜான் அட்கின்சன் தனியா அளந்த கிராஃபும் கூட வரும். சில சமயம் புகழ்ந்த ஆம்ப் அளவுல மோசமா இருக்கும், ரெண்டையும் மறைக்காம அச்சடிச்சாங்க. நம்ம ஊர்ல தமிழ்ல ரிவ்யூ பண்றவங்களும் இத பழக்கமாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

பண்ணக் கூடாதது வக்கீல் நோட்டீஸ். ஸ்பீக்கர் விஷயத்துல ஒரு பெரிய கேஸ் இருக்கு: கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை நடத்தற கன்ஸ்யூமர்ஸ் யூனியன் 1970-ல போஸ் 901 பத்தி, வாத்தியங்களோட சத்தம் ரூம்ல அலையுதுன்னு எழுதிச்சு, போஸ் கேஸ் போட்டு கீழ் கோர்ட்டுல ஜெயிச்சுது, 1984-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுல பத்திரிகை பக்கம் தீர்ப்பாச்சு. பதினாலு வருஷம்! எத்தன பேர் அந்த ரிவ்யூவ படிச்சிருப்பாங்களோ, அத விட பல மடங்கு பேருக்கு கேஸால அது தெரிஞ்சுது. இங்க அவதூறு கிரிமினல் குற்றமும் கூட, அதனால ஒரு நோட்டீஸ் வந்தாலே சின்ன ரிவ்யூ பண்றவர் வீடியோவ தூக்கிடுவார், நஷ்டம் வாங்கறவங்களுக்குத்தான்.

ரிவ்யூ பண்றவங்க காசு வாங்கறாங்களா?

காச விட, மாசக் கணக்குல கடன் குடுக்கற ஆம்பும் டீலர் ரேட்டும்தான் அதிகமா வேலை செய்யுது. ஆம்ப் யார் குடுத்தாங்க, திருப்பிக் குடுத்தாச்சான்னு சொல்லாதவர் ரிவ்யூவ நான் பாதிலயே மூடிடுவேன்.

வீட்டுல நானே சமமா வெச்சு ஒப்பிட முடியுமா?

முடியும், ஒரு மல்டிமீட்டர் போதும். ஃபோன்ல 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் டவுன்லோட் பண்ணிக்கோங்க (விலை கம்மியான மீட்டர் 1 கிலோஹெர்ட்ஸ்ல சரியா காட்டாது, அதனாலதான் 200). ஸ்பீக்கர் மாட்டின நிலைல, ஆம்ப் டெர்மினல்ல ஏசி வோல்டேஜ் பாருங்க. ஒண்ணுல 2.00 வோல்ட்னா இன்னொண்ணையும் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவுல கொண்டு வாங்க, அதுதான் 0.1 டெசிபல். அப்புறம் வீட்டுல யாரையாவது மாத்தி விடச் சொல்லிட்டு நீங்க திரும்பி உக்காந்து பேப்பர்ல எழுதிட்டே வாங்க.

ஒரு எச்சரிக்கை. டிபிஏ3116 மாதிரி சிப் போட்ட சின்ன கிளாஸ் டி ஆம்ப் போர்டுல ஸ்பீக்கரோட ரெண்டு முனையும் லைவ், மைனஸ் கிரவுண்டு கிடையாது. ஸ்விட்ச் பாக்ஸ்ல ரெண்டு ஆம்போட மைனஸையும் ஒண்ணா கட்டினீங்கன்னா போர்டு புகைஞ்சு போகலாம். ரெண்டு முனையையும் சேர்த்து மாத்தற ஸ்விட்ச் கேட்டு வாங்குங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல டபுள் போல்னு சொன்னா எடுத்துத் தருவாங்க.

பழைய ஆம்ப் ஒண்ணு வாங்கினேன், ரிவ்யூல சொன்ன மாதிரி இல்ல, ஒரு பக்கம் மங்கலா இருக்கு. ரிவ்யூ தப்பா?

ரிவ்யூவ விடுங்க, ரிலேய பாருங்க. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காத்துல அவுட்புட் ரிலேயோட (ஆம்புக்குள்ள ஸ்பீக்கர சேர்த்து விடற ஸ்விட்ச்) காண்டாக்ட் கறுத்துப் போகும், வால்யூம் கம்மியா இருக்கும்போது ஒரு சேனல் அமுங்கிக் கேக்கும், கொஞ்சம் ஏத்தினா டக்குன்னு சரியாயிடும். அப்படி ஆச்சுன்னா பெரும்பாலும் ரிலேதான். மேல சொன்ன 200 ஹெர்ட்ஸ் டோன ரெண்டு சேனல்லயும் அளந்து பாத்துட்டு சர்வீஸ்காரர் கிட்ட அந்த ரெண்டு நம்பரையும் குடுங்க, புது ரிலே மாத்தினதும் அவர் முன்னாடியே திரும்ப அளந்து ரெண்டும் சமமா வந்தப்புறம் காசு குடுங்க.